‘சேர் ஆர்கன்’: திரிபு வாதத்துக்கு ஒரு மறுப்பு

ஆங்கிலேயக் குழாய் ஆர்கனில் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் விளிம்பையொட்டி நிற்கும் சிறிய குழாய்ப் பெட்டியை 17ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் ‘சேர் ஆர்கன்’, அதாவது நாற்காலி ஆர்கன், என்கின்றன. பின்னாளில் அதற்குக் ‘குவயர் ஆர்கன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் தேவாலயங்களில் ‘கொயர்’ என்று வழங்கும் பாடகர் குழுவின் பெயர்தான் இந்தக் குவயர். முந்தைய பெயர் இதன் திரிபே என்று பழைய கையேடுகள் சில விளக்கம் சொல்லின. பாடகர்களுக்குத் துணையாக ஒலித்த மென்மையான பகுதி அது. பெயரை எழுத்தர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பது அவ்விளக்கம். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் எழுத்தும் ஒலியும் இதற்கு இடம் தரவில்லை.

வூஸ்டர் பேராலயத்துக்காக 1613இல் தாமஸ் டாலம் கட்டிய ஆர்கனின் குழாய்வரிசைப் பட்டியலைப் பார்ப்போம். அங்கே அப்போது ஆர்கன் வாசித்தவர் தாமஸ் டாம்கின்ஸ். பட்டியல் ‘பெரிய ஆர்கன்’, ‘சேர் ஆர்கன்’ என இரண்டாகப் பிரிகிறது. சேர் ஆர்கனின் கீழ் ஐந்து வரிசைகள் உள்ளன: உலோகப் பிரின்ஸிபல், மர டயபேசன், மரப் புல்லாங்குழல், பதினைந்தாம் சுரத்துக்குரிய உலோகச் சிறு பிரின்ஸிபல், இருபத்திரண்டாம் சுரத்துக்குரிய உலோக வரிசை. கடைசி வரிசை அடிப்படைச் சுருதிக்கு மூன்று ஸ்தாயி மேலே ஒலிப்பது. பெரிய ஆர்கனின் பட்டியலில் இது இல்லை. பாடகர்களுக்கு மெல்லத் துணைசெய்ய மட்டும் அமைத்த பகுதி என்றால், கருவியிலேயே மிகக் கூர்மையான ஒலியை அங்கே கொண்டுபோய் வைப்பானேன்? சேர் ஆர்கன் பாட்டுக்குத் துணைநிற்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயன்பாட்டிலிருந்துதான் பெயர் பிறந்தது என்பதையே மறுக்கிறேன்.

எழுத்துக்கூட்டல் இன்னும் வலுவான சான்று. டாலம் காலத்து ஆங்கிலத்தில் பாடகர் குழுவைக் குறித்த சொல் ‘கியூ’ எழுத்தில் தொடங்கியது. 1662ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் திருச்சபைப் பொது வழிபாட்டு நூலிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. கிரேக்க, லத்தீன் மூலத்தை நினைவூட்டும் ‘சி-எச்’ தொடக்கம் பரவலானது அந்நூற்றாண்டின் இறுதிவாக்கில். எழுத்து மாறியது, ஒலிப்பு மாறவில்லை. ஆக 1613இல் இவ்விரு சொற்களும் காதுக்கும் ஒத்தவை அல்ல, கண்ணுக்கும் ஒத்தவை அல்ல. புதிய எழுத்துக்கூட்டல் வந்த பிறகே தாளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. குழப்பம் நேர்ந்திருந்தால் அது எதிர்த்திசையில் நேர்ந்திருக்க வேண்டும்: சேர்தான் குவயராக வாசிக்கப்பட்டது. பின்னர் அந்தக் குழாய்கள் முதுகுப்பக்கத்தை விட்டுப் பெரிய பெட்டிக்குள் இடம்பெயர்ந்தபோது பழைய பெயருக்குப் பொருளும் இல்லாமற்போனது.

அப்படியானால் ஏன் நாற்காலி? இங்கே சான்று மெலிகிறது. இருந்தும் கத்தலோனியப் பகுதியின் ஆர்கன்களைப் புறக்கணிக்க முடியாது. அங்கே முதுகுப்புறச் சிறுபெட்டியின் பெயர் ‘காதிரேதா’, அதாவது சிறு நாற்காலி. அம்மொழியில் பாடகர் குழு ‘கோர்’. கோர் சிதைந்து காதிரேதா ஆனது என்று எந்தக் கையேடும் துணியாது! ஸ்பானியத்தில் இதே பெயர் ‘காதெரேதா’. பெரிய பெட்டிக்குள்ளேயே அமைந்த பகுதியையும் ‘உள் காதெரேதா’ என்கிறார்கள். இடம் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்து இப்பெயரை அங்கிருந்து பெற்றது என்று நான் வாதிடவில்லை. ஆனால் இருக்கையை வைத்துப் பெயரிடும் வழக்கத்துக்குப் பாடகர் குழுவின் தயவு தேவையில்லை என்பதை இது காட்டுகிறது. வாசிப்பவரின் இருக்கையைச் சார்ந்து நின்றதால் வந்த பெயரா, பெட்டியே இருக்கையின் முதுகுச்சாய்வாகத் தெரிந்ததால் வந்ததா என்பதில் நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். ஜெர்மானியரின் ‘ரியூக்பாசிட்டிவ்’ என்ற பெயரும் வாசிப்பவரின் முதுகை வைத்தே இடம் சொல்கிறது.

ஆங்கிலத்தில் இப்பெயர் எப்போது தோன்றியது என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. வூஸ்டர் பட்டியல் எந்த விளக்கமும் தராமல் அதைக் கையாள்வதால், 1613க்கு முன்பே ஆர்கன் கட்டுவோரிடம் அது புழங்கியிருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் டாலம் 1605–06இல் கட்டிய கருவியை முதல் சான்றாக்கத் தோன்றும். ஆனால் அங்குள்ள சேர் பெட்டி 1661இல் லான்சலட் பீஸ் செய்தது என்பதே பொதுவான கருத்து. அதை வைத்து 1606க்குத் தேதி குறிப்பது சரியாகாது.