எள்ளெலும்பும் ஏழுமலையும்

அலிபிரி வழியாக மலை ஏறினவர்களுக்கு அந்த 3,550 படிகளும் மறக்காது. பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஏறுகிறோம். ஒவ்வொரு முறை குதிகால் எழும்பும்போதும் உடம்பின் பாரம் கட்டைவிரலின் அடிமூட்டில் விழுகிறது. அங்கே, மூட்டுக்குக் கீழே, இரண்டு சிற்றெலும்புகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. விரலை மடக்கும் தசையின் நாணுக்குள்ளேயே பதிந்தவை. கிணற்றுக் கப்பி மாதிரி வேலை செய்பவை. ஆங்கில மருத்துவத்தில் செஸமாய்டு என்பார்கள். கிரேக்கத்தில் எள்ளுக்கான சொல்லிலிருந்து வந்த பெயர். அளவு என்னவோ பட்டாணி அளவு! நாம் எள்ளெலும்பு என்றே சொல்லிக்கொள்வோமே.

உடம்பில் 206 எலும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்கில் இவை சேர்த்தி இல்லை. ஆனால் ஐரோப்பாவில் இவற்றுக்கு ஒரு காலத்தில் பெரிய மரியாதை. மனித உடலில் அழியாத எலும்பு ஒன்று உண்டு, இறுதிநாளில் அதிலிருந்துதான் உடல் மறுபடி முளைக்கும் என்று நம்பினார்கள். அது கட்டைவிரலடி எலும்புதான் என்று சிலர் சாதித்தார்கள். 1543இல் வெசாலியஸ் தமது உடற்கூற்று நூலில் இதைக் குறிப்பிட்டுவிட்டு, அந்த வழக்கை இறையியலாரிடமே தள்ளிவிட்டார். கெட்டிக்காரர்.

இந்த இனத்தில் மிகப் பெரியது நம் முழங்கால் சில்லு. அதுவும் நாணுக்குள் பதிந்ததுதான். மலைப்பாதையில் 'முழங்கால் முறிச்சான்' என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. தெலுங்கில் மோகாள்ள பர்வதம். புனித மலையைப் பாதத்தால் மிதிக்க மனமின்றி இராமாநுசர் முழங்காலாலேயே ஏறினார் என்பது மரபு. அதே ஏற்றத்தருகே, பதினைந்தாம் நூற்றாண்டில், சிறுவன் அன்னமய்யா செருப்போடு ஏறிக் களைத்து விழுந்ததாகவும், அலமேலுமங்கை கனவில் வந்து செருப்பைக் கழற்றச் சொன்னதாகவும் அவர் பேரன் சின்னன்னா எழுதிவைத்திருக்கிறார். மலைக்கு வண்டிப்பாதை வந்தது 1944இல்தான். அதுவரை இந்தக் குட்டி எலும்புகளே கதி.

1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரே கண்டுபிடித்த பிறகு, உயிரோடிருப்பவர் காலிலேயே இவற்றைப் பார்க்க முடிந்தது. கூடவே புதுக் குழப்பமும் வந்தது. சிலருக்கு இந்த எலும்பு, பெரும்பாலும் உட்புறத்தது, இரண்டு துண்டாகவே உருவாகிவிடும். படத்தில் பார்த்தால் முறிவு போலவே இருக்கும்.

நான் முப்பது வருஷம் படம் பார்த்தே பிழைத்தவன். 2011இல் மலை ஏறித் திரும்பியதும் வலது கட்டைவிரலடியில் ஒரே வலி. படம் எடுத்து நானே பார்த்து, "முறிவு" என்று நானே தீர்ப்பும் சொன்னேன். எலும்பை எடுத்துவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. உட்புற எலும்பை எடுத்தால் கட்டைவிரல் மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்துவிடலாம். "ஏங்க, இன்னொரு காலையும் எடுத்துப் பாருங்களேன்" என்றாள் மனைவி. அவள் வைத்தியம் படித்தவள் இல்லை.

இடது காலிலும் அதே பிளவு! இரு காலிலும் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆகவே விளிம்பையும் பார்க்கணும். உடைந்த துண்டு கரடுமுரடாக இருக்கும். பிறவித் துண்டு உருண்டு வழவழப்பாக, சுற்றிலும் மெல்லிய வெள்ளைக்கோட்டோடு இருக்கும். இரண்டு துண்டையும் சேர்த்தால் சாதாரண எலும்பைவிடப் பெரிதாகவே வரும். என் படத்தில் இதெல்லாம் தெளிவாகவே இருந்தது; வலியில் கண் பார்க்கவில்லை. பிறகு எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் வீக்கமே இல்லை. மெத்தென்ற செருப்பில் ஆறு வாரத்தில் சரியாயிற்று.

அன்றிலிருந்து எனக்குள் ஓர் உறுத்தல். அதற்கு முன் எத்தனை பேருக்கு, மறு காலைக் கேட்காமலே, முறிவு என்று எழுதிக் கொடுத்திருப்பேன்?