கொங்காணியும் கம்பளிக் கடனும்

டொராண்டோவில் இந்த வருஷக் குளிர் கொஞ்சம் கூடுதல்தான். எங்க வீட்டுச் சின்னவள் நூலகத்தில் நடந்த பின்னல் வகுப்புக்குப் போய், மூணே வாரத்தில் கழுத்துக்கு ஒன்று பின்னிக்கொண்டு வந்தாள். மஃப்ளர் மாதிரி நீளமாக இல்லை. இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கி, தலை வழியாக மாட்டிக்கொள்வது. இழுத்துவிட்டால் தலையையும் மூடும். 'கௌல்' என்று பெயராம். "அப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். முழித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கொங்காணி!

கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: சாக்கின் அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் திணித்தால் கூம்பு மாதிரி ஆகும். மழைக்கு அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் முதுகு வரை மூடும். அதுதான் கொங்காணி. ஆங்கிலத்தில் கௌல் என்பதும் முதலில் கிறிஸ்தவத் துறவிகளின் முக்காட்டு அங்கிக்குத்தான் பெயர். கழுத்து வளையம் என்ற அர்த்தம் பிறகு வந்தது. எங்கள் ஆச்சி சாக்கில் கொங்காணி போடவில்லை, கறுப்புக் கம்பளியில் போட்டாள். மூணாறு மலையில் கொழுந்து கிள்ளியவள் அவள்.

மூணாறு என்றால் இன்றைக்குத் தேனிலவு, சாக்லேட், வரையாடு. அந்த மலையைத் தோட்டமாக்கிய கதை 1877-ல் தொடங்குகிறது. அந்த ஜூலையில் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாறு ராஜாவிடம் குத்தகைக்கு எடுத்தார். (நம்ம ஊர்க் கலெக்டர் தாமஸ் மன்றோ இல்லை, இவர் வேறு.) சின்கோனா, காபி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். 1880 வாக்கில் ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்த பிறகு மலை முழுக்கத் தேயிலைதான்.

வேலைக்கு ஆள்? கரிசல் காட்டிலிருந்து, கங்காணிகள் வழியாக. போடிநாயக்கனூர், கொட்டகுடி, அப்புறம் செங்குத்தாக ஏற்றம், டாப் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டி இறங்கவும் அரிசி மூட்டை ஏறவும் கம்பெனி ரோப்வே போட்டது. 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் குட்டி ரயில் என்று மலைக்கு மேலேயும் வசதிகள் வந்தன. ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆட்கள் மட்டும் நடந்துதான் ஏறினார்கள்.

கோவில்பட்டியில் பிறந்தவனுக்குக் கம்பளி எதற்கு? அதனால் கையில் இல்லை. மூணாறோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். ஜனவரியில் சில நாள் உறைபனி விழும். அதனால் முன்பணத்தோடு கம்பளியும் கடன் கணக்கில் ஏறும். இலங்கையிலும் இதே கதைதான். தோட்டத்துரைகள் 'கம்ப்ளி' என்ற சொல்லையே ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள்; 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது இருக்கிறது. அங்கே ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பாக்கிக் கடன் எழுதிய சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. தோளில் போடுகிற துண்டு இல்லை, ஆளைக் கட்டிப்போடுகிற துண்டு. 1921-ல்தான் அதை ஒழித்தார்கள்.

"எங்க மாமனார் மலைக்கு ஏறும்போதே முதுகுல கடனைப் போத்திக்கிட்டுத்தான்யா ஏறினாரு" என்பாள் ஆச்சி. நான் பி.காம் படித்து வங்கியில் சேர்ந்து, எத்தனையோ கடன் கணக்குகளைத் திறந்த பிறகுதான் அந்த வாக்கியம் உறைத்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பற்று ஒரு கம்பளி. நிலம் இல்லை, வீடு இல்லை, குளிர்.

அந்தக் கம்பளி பின்னியது அல்ல, நெய்தது. செம்மறி ஆட்டு மயிரைத் திரித்து, குறும்பர் போன்ற ஆட்டிடையர்கள் தறியில் நெய்தது. பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றுவார்கள். புதுசில் முரட்டுப் பலகை மாதிரி இருக்கும், கழுத்தில் அறுக்கும். ஆனால் மழைத் தண்ணீர் சட்டென்று இறங்காது. பின்னல் வேறு. கண்ணி கண்ணியாகப் போவதால் இழுத்தால் நீளும், இடையில் காற்றைப் பிடித்து வைத்துக் கதகதப்பு தரும். மழையில் நனைந்தால் மட்டும் தண்ணீரைக் குடித்துத் தொங்கிவிடும். ஜூன் முதல் மூணாற்றில் கொட்டுகிற மழையில் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு மஃப்ளரால் என்ன பிரயோஜனம்?

ஆச்சி சொன்னவரைக்கும், அவள் காலத்தில் மஃப்ளர் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும்தான். எங்களிடம் இருக்கிற ஒரே பழைய போட்டோவிலும் அப்படித்தான்: நிரை முன்னால் நிற்கிறவர் கழுத்தில் பின்னிய மஃப்ளர், பின்னால் நிற்கிற பெண்கள் தலையில் கம்பளி. கழுத்தைப் பார்த்தே கூலியைச் சொல்லிவிடலாம்.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒரு நல்ல காரியம் செய்தது. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலாளியே தர வேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. எங்கள் பாஷையில் சொன்னால், தொழிலாளியின் பற்றிலிருந்து கம்பெனியின் செலவுக்குக் கம்பளியை மாற்ற வழி பிறந்தது. 2005-ல் கம்பெனியிலேயே தொழிலாளர்களுக்குப் பங்கு வந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

2018 தொடக்கத்தில் ஊருக்குப் போனபோது குடும்பத்தோடு மூணாறு ஏறினோம். கடைவீதி முழுக்க மஃப்ளர், குரங்குக் குல்லா. இங்கே பின்னியதா என்று கேட்டேன். "லூதியானா சரக்கு சார்" என்றார் கடைக்காரர் சிரித்துக்கொண்டே.

ஆனால் கழுத்துக்குப் போடுகிற ஒன்று மூணாற்றிலேயே உருவாகிறது. சிருஷ்டி நிறுவனத்தின் 'ஆரண்யா' சாயப்பட்டறை. 1990-களில் டாடா டீ ஆதரவில் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அங்கே துணிக்குச் சாயம் போடுகிறார்கள். யூகலிப்டஸ் இலை, மிஞ்சிய தேயிலைத் தூள், மாதுளைத் தோல் என்று எல்லாம் செடிகொடிச் சாயம். துணியை முடிந்தும் மடித்தும் சாயத்தில் முக்குவதை ஜப்பான் பெயரால் ஷிபோரி என்கிறார்கள். முடிச்சுப் போட்டு முக்குவது நம்ம மதுரைச் சுங்குடியின் வேலையேதான். அங்கே ஒரு பையன் முடிச்சை அவிழ்த்து, துணியை விரித்து, எங்களிடம் தூக்கிக் காட்டினான். வாய் பேசவில்லை, முகம் பேசியது. தேயிலைத் தூள் நிறத்தில் ஒரு ஸ்டோல் வாங்கினேன். விலை ஆச்சியைத் திகைக்க வைத்திருக்கும்.

ஆச்சியின் கம்பளி கடைசியில் எங்கள் வீட்டு இஸ்திரி மேஜையில் விரிப்பாகக் கிடந்து, பூச்சி அரித்துப் போயிற்று. யாருக்கும் அதை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இதையெல்லாம் சின்னவளிடம் சொன்னேன். கடன் கதையில் நிறுத்திக் கேட்டாள்: "நீங்க கனடா வந்தப்போ கோட்டு எப்படி வாங்கினீங்க?" வந்து இறங்கிய முதல் வாரம், சம்பளம் வருவதற்கு முன்னால், கிரெடிட் கார்டில். அடைக்க ஐந்து மாசம் ஆயிற்று.

இப்போது கூம்பு வைத்து நிஜக் கொங்காணியே பின்னப் போகிறாளாம். கறுப்பு நூல்தான் வேண்டும், இன்னும் நாலு உருண்டை.