முகத்துக்குப் பின்னால் ஒரு துணி

நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் பாரிஸில் ஒப்பேரா பக்கம் இருக்கிறது. மதியக் கோப்பைகளைக் கழுவி முடிய மூன்று மணியாகும். ஆறு மணிக்குத் திரும்பவும் குசினிக்குள் நிற்க வேண்டும். இடையில் வீட்டுக்குப் போய் வந்தால் நேரம் முழுவதும் மெத்ரோவில் போய்விடும். எனவே நடப்பேன், குளிர் கூடினால் நூலகத்துக்குள் போய் இருப்பேன். புலுவார் தே கப்புசின் வீதியின் 35ஆம் இலக்கத்தை நூறு தடவையாவது கடந்திருப்பேன். அது யாருடைய இடம் என்பது நூலகத்தில் ஒரு படப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

1860களின் தொடக்கத்தில் அங்கே பெரிய ஸ்ரூடியோ நடத்தியவர் நதார். இயற்பெயர் கஸ்பார் பெலிக்ஸ் துர்னஷோன். (குசினியில் இந்தப் பெயரைச் சொன்னபோது தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் "நாடாரா?" என்று ஆவலோடு கேட்டார். ஏமாற்ற வேண்டியதாயிற்று.) 1820இல் பிறந்தவர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். இந்த வரியை வாசித்தபோது எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்ததை மறைக்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பிழைத்து, 1850களின் நடுவில் கமராவுக்குத் திரும்பினார். முதல் ஸ்ரூடியோ சென் லசார் வீதி 113ஆம் இலக்கத்தில்.

அவர் என்ன செய்தார் என்பதை விளங்கிக்கொள்ள, மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1854இல் திஸ்தேரி என்ற படப்பிடிப்பாளர் ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறுபடங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த அட்டைப் படங்களின் விலை குறைவு. ஊரே அள்ளிக்கொண்டு போயிற்று. படம் சிறியது, ஆளோ தலை முதல் கால் வரை நிற்கிறார். முகம் ஒரு உளுந்தளவு. அந்த முகத்தால் எதையும் சொல்ல முடியாது. ஆகவே பின்னணி பேசத் தொடங்கியது. தூண், திரைச்சீலை, சாய்ந்துகொள்ள அரைச்சுவர், துணியில் வரைந்த தோட்டம். ஒரு சிறு கடைக்காரரும் அரை மணி நேரம் பிரபுவாக நிற்கலாம்.

அந்தத் தூண் கப்பலேறி எங்கள் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. அம்மாவும் அப்பாவும் கலியாணம் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் எடுத்த படத்தில், ஓலைக் கூரை வீட்டிலிருந்து போன இருவரும் ஒரு மாளிகைப் படிக்கட்டின் அடியில் நிற்கிறார்கள். படிக்கட்டு துணியில் வரைந்தது. அப்பாவின் கை ஒரு தூணில். திஸ்தேரியின் தூண்தான் அது, நூறு வருசத்துக்கு மேல் கழித்து.

நதார் இவற்றைத் தூக்கி வெளியே வைத்தார். பின்னால் ஒரு வெறுந்துணி. இருப்பவருக்குக் கருமையான எளிய உடுப்பு. மிச்சமெல்லாம் ஒளியின் பொறுப்பு.

ஒளி அந்நாளில் சூரியனுடையது மட்டுமே. ஸ்ரூடியோக்கள் வீட்டின் உச்சியில் கண்ணாடிக் கூரையோடு இருந்தன. கண்ணாடி வடக்குப் பார்த்திருப்பது விரும்பப்பட்டது. நேர்வெயில் விழாமல் நாள் முழுவதும் ஒரே சீரான ஒளி கிடைக்கும் என்பதால். 1851இல் ஆங்கிலேயரான ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் பயன்பட்டது. கண்ணாடித் தகட்டில் பசைபோன்ற திரவத்தை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சரித்துச் சுழற்ற வேண்டும். அப்பச்சட்டியைச் சுழற்றும் கைப்பக்குவம்தான். பிறகு வெள்ளிக் கரைசலில் தோய்த்து, காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் விட வேண்டும். இந்தத் தகடு நீல ஒளிக்கு மசியும், சிவப்புக்கு மசியாது. சிவந்த கன்னம் கறுத்து விழும், மெல்லிய நீலக் கண் வெளிறிப் போகும். சில விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். நதாரின் படங்களில் இருப்பவர்கள் அப்படிப் பிடித்து வைக்கப்பட்டவர்களாகத் தெரியவில்லை. கதைத்துக்கொண்டிருந்து ஒரு கணம் நிறுத்தியவர்கள் போல இருக்கிறார்கள்.

கூரை ஒளியைத் திரைகளால் மறைத்தும் திறந்தும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழவைப்பார். மற்றப் பக்கம் நிழலுக்கு விடப்படும். அந்த நிழல்தான் மூக்கை மூக்காகவும் கன்னத்தைக் கன்னமாகவும் ஆக்குகிறது. 1864 அளவில் எடுத்த சாரா பேர்னாரின் படத்தைப் பாருங்கள். இருபது வயதுப் பெண், நடிகையாக இன்னும் பெயர் எடுக்கவில்லை. உடுப்பு தெரியாமல் ஒரு பெரிய துணி போர்த்தியிருக்கிறது. எந்தக் குலம், எந்தக் காலம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முகமும் தோளும் மட்டும். (ஒரு படத்தில் தூணொன்றில் சாய்ந்திருக்கிறார். நதாரும் தூணை முற்றாகக் கைவிடவில்லை! ஆனால் இங்கே தூண் தூணாகவே இருக்கிறது.) போதலேர், தெலக்குருவா, சைபீரியாவிலிருந்து தப்பி வந்த பக்கூனின் எல்லோரும் அந்த வெறுந்துணிக்கு முன்னால் இருந்தவர்கள்தாம்.

1857இல் தம்பி அத்ரியானோடு 'நதார்' என்ற பெயருக்காக வழக்காடி வென்றார். படமெடுக்கும் கோட்பாட்டை ஒரு மணி நேரத்தில் கற்பிக்கலாம், ஒளியை உணர்வதைக் கற்பிக்க முடியாது என்பது அவ்வழக்கில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. மின்சார ஒளியையும் சோதித்தார். முதற் படங்களில் கண்குழிகள் கரித்துண்டுகளாக விழுந்தன; வெள்ளைத் துணியில் ஒளியைத் தெறிக்கவைத்து அந்தக் கருமையை இளக்கினார். இன்று எங்கள் கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர்கள் வெள்ளைக் குடை விரிப்பதும் அதற்காகத்தான். 1861இல் அவ்வொளியைப் பாரிஸின் நிலத்தடி எலும்பறைகளுக்குள் இறக்கினார். ஒரு படத்துக்குப் 18 நிமிடம் வரை தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் எந்தத் தொழிலாளி அசையாமல் நிற்பான்? பொம்மைக்கு உடுப்பு மாட்டி நிறுத்தினார்.

வெறுந்துணியின் கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

1871 வசந்தத்தில் பாரிஸ் கொம்யூனின் போராளிகள் கமராவுக்கு முன்னால் நின்றார்கள். பின்னணியை அவர்களே தெரிந்தார்கள்: தாங்கள் எழுப்பிய தடுப்பரண், மே 16இல் தாங்கள் வீழ்த்திய வொந்தோம் தூண். (இந்த நகரத்தில் தூண்களிலிருந்து தப்ப முடியாது.) மே கடைசியில் கொம்யூன் நசுக்கப்பட்டது. அந்தப் படங்களை வைத்தே பொலிசார் ஆட்களை அடையாளம் கண்டதாக ஷிசேல் ப்ரொய்ந்த் எழுதுகிறார். அவரும் ஓடி வந்தவர்தான். 1933இல் பிராங்பேர்ட்டில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பாரிஸுக்குத் தப்பியவர், 1936இல் சொர்போனில் பிரெஞ்சுப் புகைப்படக்கலை பற்றிய ஆய்வை முடித்தார். அவர் முடித்தார்.

அடுத்து வந்தவர் பேர்த்தியோன், பாரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். 1880களில் கைதிகளைப் படமெடுக்கும் முறையை விதியாக்கினார். நேர்முகம் ஒன்று, பக்கமுகம் ஒன்று. அசைய முடியாத கதிரை. மாறாத தூரம். படம் உருவத்தின் ஏழில் ஒரு பங்கு. பின்னால் வெறுமை. நதாரின் அதே வெறுமைதான். ஆனால் ஒளி எந்த முகத்துக்கும் ஒன்றே. நதார் முகத்துக்கு முகம் ஒளியை மாற்றினார்; இங்கே முகம் ஒளிக்குள் வந்து இருந்துவிட்டு எழும்ப வேண்டும்.

நாம் எல்லோரும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறோம். பிரான்சில் அடையாளப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர். முகத்தில் நிழல் விழக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், பின்னணி வெளிறிய ஒரே நிறம். ஆனால் வெள்ளை கூடாது. அகதி விண்ணப்பத்துக்கு மெத்ரோ நிலையப் பெட்டிக்குள் போய் எடுத்தேன். கதிரையைச் சுழற்றி உயரம் சரிசெய்யத் தெரியாததால் முதற் படங்களில் நெற்றி மட்டும் விழுந்தது. காசு போயிற்று.

அண்ணாவைப் பற்றி 2009க்குப் பிறகு தகவல் இல்லை. அவர் நண்பர்களோடு நின்ற படங்களை அம்மா அந்த வருசமே அடுப்புக்குள் வைத்துவிட்டா. யாருடைய தோளில் யாருடைய கை என்பதே அப்போது குற்றம். கொம்யூன்காரரின் வீடுகளிலும் ஏதோ ஒரு தாய் அதைத்தான் செய்திருப்பா. மிஞ்சியது தேசிய அடையாள அட்டைக்கு எடுத்ததில் ஒரு பிரதி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் நெஞ்சோடு பிடித்திருக்கும் படங்களைப் பாருங்கள். பல அப்படிப் பெருப்பித்தவைதான்.

போன வருசம் அம்மா தொலைபேசியில் கேட்டா: "தம்பி, கொண்ணற்ற படத்தைப் பெருசாக்கி அனுப்பு. பின்னுக்கு நல்லதா ஏதாவது போடச் சொல்லு. சுவரில நிக்க வைச்ச மாதிரிக் கிடக்கு."

லா சப்பலில் எங்கள் ஆள் ஒருவரின் படக்கடைக்குப் போனேன். கணினியில் தென்னந்தோப்பு, கடற்கரை, மாளிகை என்று அண்ணாவின் பின்னால் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. தோப்பில் வெயில் வலப்பக்கத்தால் வருகிறது. அண்ணாவின் முகத்தில் வெயிலுமில்லை, நிழலுமில்லை. பின்துணியை மாற்றலாம் அண்ணை, முகத்தில விழுந்த வெளிச்சத்தை என்னால மாற்ற ஏலாது என்றார்.

"வெறும் சாம்பல் நிறம் போட ஏலுமோ?" என்று கேட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது இப்பவும் அப்பிடித்தானே அண்ணை இருக்கு."