குடையுடன் ஒரு பெண் (ஓவியம்)

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1875-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியம். அளவு 100 × 81 செ.மீ. 1876-இல் பாரிசில் நடந்த இரண்டாம் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் ‘உலாவல்’ என்ற பெயரில் வைக்கப்பட்டது.

மோனே 1871 முதல் 1878 வரை, பாரிசுக்கு அருகே செய்ன் ஆற்றங்கரையில் உள்ள ஆர்ழான்தெய் ஊரில் குடியிருந்தார். அங்கே மனைவி கமீலும் மகன் ழானும் வெயிலில் உலாவப் போன வேளையே இதன் பொருள். மேட்டின்மீது கமீல் நிற்கிறார். ஓவியர் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறார். அதனால் வானம் பெருகி, கமீலின் உருவம் மேகங்களுக்கு நடுவே எழுகிறது. புல்மேட்டின் மறுபுறம் நிற்கும் ழான் இடுப்புக்கு மேலே மட்டுமே தெரிகிறான்.

வெயில் கமீலின் பின்னாலிருந்து வருவதால் வெள்ளை உடையின் நிழற்பகுதி நீலமாகிறது. நிழலைக் கறுப்பாகவே தீட்டிப் பழகிய காலத்துக்கு இது பெரிய துணிச்சல். குடையின் உட்புறம் பச்சை. புல்லிலும் காட்டுப்பூக்களிலும் பட்டுத் திரும்பும் ஒளி கையில் மஞ்சளாக ஒட்டுகிறது. காற்றில் முகத்திரை பறக்க, புற்கள் சாய்கின்றன. தூரிகைத் தடங்களை மோனே மழுப்பவில்லை. உலர்ந்தபின் திருத்தும் முறையை விட்டு, திறந்தவெளியிலேயே விரைந்து தீட்டியிருக்கிறார். தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841 முதல் கிடைத்ததால் அந்தத் தலைமுறைக்கு இவ்வேலை எளிதாயிற்று.

இதை உருவப்படம் என்று வகைப்படுத்துவது பொருந்தாது. ஆளை அடையாளம் காட்டுவதைவிட, அந்நேரத்து ஒளியையும் காற்றையும் பிடிப்பதே இங்கே நோக்கம். கமீலும் நிலக்காட்சியின் ஒரு பகுதியே. நவீன ஓவியத்தின் வரலாற்றில் இதற்குரிய இடமும் இதனால் கிடைத்ததே. 1886-இல் ஜிவெர்னியில் சூசான் ஓஷ்தே என்ற பெண்ணை நிற்கவைத்து இதே அமைப்பில் மோனே இரு ஓவியங்கள் தீட்டினார். அவற்றில் முகம் ஏறக்குறைய அழிந்துவிடுகிறது. இரண்டும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை தீட்டப்படும் முன்பே, 1879-இல், கமீல் 32-ஆம் வயதில் இறந்துவிட்டிருந்தார்.

ஓவியத்தை 1876-இலேயே வாங்கியவர் ருமேனிய மருத்துவர் ஜார்ஜ் தெ பெலியோ. விலைபோகாத நாட்களில் மோனேயைத் தாங்கிய மிகச் சிலரில் அவர் ஒருவர். பின்னர் இது அமெரிக்கச் சேகரிப்பாளர் பால் மெலனிடம் சேர்ந்தது. 1983 முதல் வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ளது.