திமில் வைத்த விமானம்

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் வந்திறங்கும் ஏ.என்-32 சரக்கு விமானத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அதன் இஞ்சின்கள்தான் நினைவில் நிற்கும். இறக்கைக்கு மேலே, காளையின் திமில் மாதிரி துருத்திக்கொண்டு இருக்கும்.

அந்தத் திமிலுக்குக் காரணம் நாம்தான். சோவியத் நாட்டின் ஏ.என்-26 நல்ல விமானம். ஆனால் லடாக்கின் மெல்லிய காற்றிலும் நம் சமவெளி வெயிலிலும் அதற்கு மூச்சு வாங்கும். அதனால் ஏறக்குறைய அதே உடலில், 5,000 குதிரைத்திறனைத் தாண்டும் ஏ.ஐ-20 இஞ்சினைப் பொருத்தினார்கள். 1950களில் ஸபோரிஷியா நகரில் இவ்செங்கோ குழு வடிவமைத்தது அது, ஐ.எல்-18 பயணிகள் விமானத்தில் ஏற்கெனவே பெயர் வாங்கியது. வலு கூடினால் புரொப்பெல்லரும் பெரிதாக வேண்டும். 4.7 மீட்டர் விட்டம் தரையில் இடிக்காமலிருக்க இஞ்சினையே மேலே தூக்கி வைத்தார்கள். கரடுமுரடான ஓடுதளத்தில் கல்லும் புழுதியும் உள்ளே போகாதது கூடுதல் லாபம்.

1984 முதல் நூற்றுக்கும் மேற்பட்டவை இந்தியாவுக்கு வந்தன. உடல் கீவில், இஞ்சின் ஸபோரிஷியாவில், புரொப்பெல்லர் மாஸ்கோவுக்குத் தெற்கே ஸ்துபினோவில். அப்போது மூன்றும் ஒரே நாடு. 1991க்குப் பிறகு முதல் இரண்டும் உக்ரைன், மூன்றாவது ரஷ்யா. 2009இல் நூற்றுச் சொச்சம் விமானங்களைப் புதுப்பித்து, ஆயுளை 25 ஆண்டிலிருந்து 40 ஆக்க உக்ரைனோடு சுமார் 40 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நாற்பது விமானங்கள் அங்கே போய்த் திரும்பின. மீதியைக் கான்பூரில் உள்ள விமானப்படைப் பணிமனையில் செய்வதாக ஏற்பாடு. அதற்குள் 2014 வந்தது. கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது, இரு நாட்டுத் தொழிற்சாலைகளும் ஒன்றுக்கொன்று பாகம் கொடுப்பதை நிறுத்தின, கான்பூர் வேலை தடுமாறியது. 2022இல் போர் தொடங்கிய பிறகு ஸபோரிஷியாவின் இஞ்சின் தொழிற்சாலைமீதே ஏவுகணைகள் விழுந்தன.

இஞ்சின்களை ஓவர்ஹால் செய்வது சண்டிகர் பணிமனை. 2018 டிசம்பர் 17 அன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைப் பத்து சதவீதம் கலந்து பறக்கவிட்டதும் அதே ஊரில்தான். அறுபது வயது வடிவமைப்பு புது எரிபொருளைச் சலிக்காமல் குடித்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

தாம்பரத்துக்கு இந்த விமானம் வேறொன்றையும் நினைவூட்டும். 2016 ஜூலை 22 காலை இங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய கே-2743, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. நீருக்கடியிலிருந்து ஒலியெழுப்பும் கருவி அதில் இல்லை. 2024 ஜனவரியில்தான், பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்ததாக அறிவித்தார்கள்.

தாம்பரத்திலிருந்து சற்றுத் தொலைவில்தான் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, லேத்தும் சி.என்.சி.யும் ஓயாத இடம். பாகம் கிடைக்காமல் திண்டாடும் இந்த விமானத்துக்கு ஒரு புஷ்ஷையோ பிராக்கெட்டையோ இங்கே கடைந்து கொடுக்க முடியாதா என்றால், கடைவது சுலபம். வரைபடம் வேறு நாட்டில் இருக்கிறது. மாதிரியை அளந்து வரைய வேண்டும், உலோகக் கலவையைச் சோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், வெப்பப் பதப்படுத்தலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ராணுவ விமானங்களுக்குச் சான்று தரும் பெங்களூர் செமிலாக்கின் ஒப்புதல். இத்தனையும் ஆண்டுக்குச் சில டஜன் உருப்படிகளுக்கு. பக்கத்துப் பட்டறைக்குக் கார் கம்பெனியிலிருந்து மாதம் ஆயிரக்கணக்கில் ஆர்டர் வரும்போது, இதை எடுத்துச் செய்ய முதலாளிக்குத் தேசபக்தியோடு முன்பணமும் வேண்டும். சோதனைச் செலவை வாங்குபவரே ஏற்றால் ஒழிய இது நடக்காது என்று நினைக்கிறேன்.

2021இல் ஒப்பந்தமான 56 சி-295 சரக்கு விமானங்கள் பழைய ஆவ்ரோ விமானங்களுக்கு மாற்றாகத்தான் வாங்கப்பட்டன. ஏ.என்-32 இன்னும் சில காலம் ஓட வேண்டியிருக்கிறது.