மேலப்பாளையத்து ஓட்டு யாருக்கு?

தேர்தல் வந்துவிட்டால் போதும், திருநெல்வேலிப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு கணக்கு கிளம்பிவிடும். "மேலப்பாளையம் ஓட்டு மொத்தமா ஒரே பக்கம்தான் விழும்" என்பார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர், கைத்தறியும் பீடியும் பிழைப்பு, ஆகவே எல்லாரும் ஒரே மாதிரிதான் ஓட்டுப் போடுவார்கள் என்பது அந்தக் கணக்கு. அது சரிதானா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் வெள்ளைக்காரன் காலம். 1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதியைக் கொடுத்தது. முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். 1919, 1935 சட்டங்களிலும் இது தொடர்ந்தது. ஆனால் ஓட்டுரிமை எல்லாருக்கும் கிடையாது. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று வேண்டும். கூலிக்குத் தறி ஓட்டியவருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது அரிது.

சுதந்திரத்துக்குப் பிறகு இது மாறியது. தனித் தொகுதி தொடர வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர்களில் ஒருவர் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில். 1896ல் இதே திருநெல்வேலியின் பேட்டையில் பிறந்தவர். சபை அதை ஏற்கவில்லை. 1952ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டு, அனைவருக்கும் ஒரே பட்டியல். கூலி நெசவாளிக்கு ஓட்டு கிடைத்தது, ஆனால் ஊருக்கென்று தனிப் பிரதிநிதி என்பது போனது. இனி ஜெயிக்க வேண்டும் என்றால் பக்கத்து ஊர்க்காரர்களின் ஓட்டும் வேண்டும். கூட்டணி என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் வந்தது அப்போதுதான். 1967ல் முஸ்லிம் லீக் தி.மு.க. கூட்டணியில் இருந்தது, அந்த அணி ஆட்சியையும் பிடித்தது.

அந்த நாட்களில் மேலப்பாளையம் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. பிறகு தொகுதி எல்லைகளை மாற்றியமைத்தபோது அந்தப் பெயர் மறைந்தது. ஊர் பாளையங்கோட்டைத் தொகுதியின் ஒரு பகுதி ஆனது. கிறிஸ்தவக் கல்வி நிலையங்களும் அரசு ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த பாளையங்கோட்டையும் தறிச்சத்தம் கேட்கும் மேலப்பாளையமும் ஒரே தொகுதி.

இப்போது டீக்கடைக் கணக்குக்கு வருவோம். 1991ல் இந்தத் தொகுதி அ.தி.மு.க. பக்கம் போனது. 2001ல் நடந்தது இன்னும் சுவாரசியம். அந்தத் தேர்தலில் தி.மு.க.வின் கூட்டணியில் பா.ஜ.க. இருந்தது. மாநிலம் முழுக்க தி.மு.க. வென்றது 31 இடங்கள்தான். ஆனால் பாளையங்கோட்டையில் தி.மு.க.வின் டி.பி.எம். மைதீன்கான் ஜெயித்தார்! பா.ஜ.க. இருக்கும் அணிக்கு இந்தப் பக்கம் ஓட்டே விழாது என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. வேட்பாளர் யார் என்பதும் ஓட்டைத் தீர்மானிக்கிறது.

அவர் 2006, 2011, 2016 என்று தொடர்ந்து வென்றார், 2006க்குப் பிறகு அமைச்சராகவும் இருந்தார். ஆனால் 2011ல் எதிரே நின்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளரிடம் அவர் தப்பியது சுமார் 600 ஓட்டில். அந்த ஆண்டு தி.மு.க. மாநிலத்தில் பிடித்ததே 23 தொகுதி, அதில் இது ஒன்று. 2021லோ தி.மு.க.வின் அப்துல் வகாப் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் எஸ்.டி.பி.ஐ. கட்சியும் அ.ம.மு.க. கூட்டணியில் இங்கே நின்றது. 600க்கும் 50,000க்கும் நடுவே உள்ள தூரமே, ஓட்டு பூட்டி வைத்த பணப்பெட்டி அல்ல என்பதைச் சொல்லிவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எல்லாம் தொகுதியின் முடிவுகள், ஊரின் முடிவுகள் அல்ல. ஊர் எப்படிப் போட்டது என்று தெரிய வேண்டுமானால் வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு தரும் படிவம் 20ஐப் பார்க்க வேண்டும். அதுவும் எத்தனை ஓட்டு என்றுதான் சொல்லும், ஏன் என்று சொல்லாது.

சட்டமன்றம் மட்டும் அல்ல. 1994 வரை மேலப்பாளையம் தனி நகராட்சி. அந்த ஆண்டு திருநெல்வேலி, பாளையங்கோட்டை நகராட்சிகளோடும் தச்சநல்லூரோடும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனியோடு இணைத்தால் என்ன ஆகும்? பங்குதாரர் அதே ஆள்தான், ஆனால் அவருடைய பங்கின் சதவீதம் குறைந்துவிடும். தன் சாக்கடைக்கும் குடிதண்ணீருக்கும் தானே தலைவரைத் தேர்ந்தெடுத்த ஊர், நான்கு மண்டலங்களில் ஒன்றாகி, 55 வார்டுகளில் தன் சில வார்டுகளோடு மாமன்றத்தில் உட்கார வேண்டியதாயிற்று. பெரிய மாநகராட்சிக்குப் பெரிய நிதி வரும் என்ற லாபமும் உண்டு. ஆனால் அந்த நிதி எந்தத் தெருவுக்குப் போகும் என்று முடிவு செய்யும் இடம் ஊரைவிட்டு வெளியே போய்விட்டது.

ஆக, நூறு வருடத்தில் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைச் சுற்றிப் போட்ட கோடுதான் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அதே ஓட்டுக்கு வேறு எடை. 'ஓட்டு வங்கி' என்று பேர் வைப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எப்படியும் நமக்குத்தான் என்று ஒரு கட்சி நினைத்துவிட்டால் கேட்டு வராது, எப்படியும் நமக்கு இல்லை என்று இன்னொரு கட்சி நினைத்துவிட்டால் எட்டியே பார்க்காது. இரண்டிலும் நஷ்டம் பீடி சுற்றுகிற வீட்டுக்குத்தான். 2011ல் அந்த 600 ஓட்டு வித்தியாசம் வந்தபோது இரண்டு அணிக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலும் முக்கியமாக இருந்தது. ஊர்க்காரர்கள் மறக்காமல் இருக்க வேண்டிய கணக்கு அதுதான்.