எந்த மாசம் பாய் விரிக்கலாம்? வாஸ்கோ ட காமாவின் 89 நாட்கள்

இந்த எபிசோடு ஒரு வாட்ஸாப் கேள்வியில் ஆரம்பிச்சது. சான்சிபார் பக்கம் பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்துச் சுத்தணும்னா எந்த மாசம் நல்லது?

அந்தக் கடற்கரைக்காரங்க இந்தக் கேள்விக்குக் காற்றோட பேரைத்தான் பதிலாச் சொல்வாங்க. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கிலிருந்து வீசுறது கஸ்காஸி. ஏப்ரல் வாக்கில் தெற்கிலிருந்து கிளம்புறது கூஸி. ஒண்ணு போய் இன்னொண்ணு வர்ற இடைவெளியில் காற்று அடங்கிப்போகும், இல்லன்னா திசை தெரியாம அலையும். மான்சூன் என்ற சொல்லே 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதுக்குப் பருவம்னு அர்த்தம். நாம பருவக்காற்றுன்னு சொல்றதும் அதேதான்.

இதைச் சரியாவும் தப்பாவும் ஒரே பயணத்தில் செஞ்சு காட்டியவர் வாஸ்கோ ட காமா. 1498 ஏப்ரல் 24-ஆம் தேதி கென்யாவின் மலிந்தியிலிருந்து கிளம்பினார். அந்த ஊர் அரசர் அனுப்பிய வழிகாட்டி ஒருவர் கப்பலில் இருந்தார். (அவர் புகழ்பெற்ற இப்னு மாஜித்தான்னு நிறைய இடத்தில் படிச்சிருப்பீங்க. இப்போ வரலாற்றாளர்கள் அதை ஏத்துக்கறதில்ல.) கூஸி அப்பதான் எழும்பிக்கிட்டிருந்தது. சுமார் 4,000 கிலோமீட்டர். 23 நாள் நடுக்கடல். மே 20-ஆம் தேதி கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரம்.

திரும்பும்போதுதான் சிக்கல். சாமூதிரியோடு சுங்கத் தகராறு, வணிகர்களோடு பகை, ஆட்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டு பேரம். ஆகஸ்ட் 29-ஆம் தேதி கோழிக்கோட்டை விட்டு விலகினார். கார்வார் பக்கத்து அஞ்சதீவில் கொஞ்ச நாள் தங்கிட்டு, அக்டோபர் 5-ஆம் தேதி ஆழ்கடலில் இறங்கினார். அதுவரை அடிச்ச காற்று ஓய்ஞ்சாச்சு, ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய வடகிழக்குக் காற்று இன்னும் வந்து நிலைக்கல. அவருக்கு அங்க இருக்கப் பிடிக்கல, புரியுது. ஆனா காற்றுக்கு அது தெரியாதே!

ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டது 1499 ஜனவரி 2-ஆம் தேதி, மொகதிஷு அருகே. எண்ணிப் பார்த்தா 89 நாள். போன தூரத்தை விட இது குறைவு, நாள் மட்டும் கிட்டத்தட்ட நாலு மடங்கு. புதுக் காய்கனி இல்லாம இத்தனை நாள் ஓடினா வைட்டமின் சி குறைஞ்சு ஸ்கர்வி வரும். ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கும், சாப்பிடவே முடியாது. இந்த ஒரு கடப்பில் மட்டும் 30 பேர் செத்தாங்க. கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்யுற நிலையில் இருந்தாங்கன்னு கூடப் போனவரின் நாட்குறிப்பு சொல்லுது. மலிந்தியில் இறங்கினதும் நோயாளிகளுக்காகக் கேட்டு வாங்கினது ஆரஞ்சுப் பழம். மூணு கப்பலை ஓட்ட ஆள் பத்தாம, 'சாவ் ரஃபேல்' கப்பலை அவங்களே கொளுத்திட்டாங்க.

அரபு வணிகர்களுக்கு இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையா அத்துப்படி. போர்த்துகீசியர்களும் சீக்கிரமே பிடிச்சுக்கிட்டாங்க. 1501-இல் கப்ரால் இந்தியாவை விட்டுக் கிளம்பினது ஜனவரியில். 1502-இல் ரெண்டாவது தடவை வந்த காமாவும் காத்திருந்துதான் கண்ணூரிலிருந்து பாய் விரிச்சார்.